‘ஸ்ப்ளாங்க்னா’ என்றால் குடலா, ஈரக்குலையா, மனசா?

நாசரேத்துக்காரன்:
ஒரு சொல்லைப் பற்றிக் கேட்க வேண்டும். பைபிளில் லூக்கா 15ல் ஊதாரி மகன் திரும்பி வருகிறான், தகப்பன் தூரத்திலேயே அவனைக் கண்டு ‘மனதுருகி’ ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். நல்ல சமாரியன் கதையில் அடிபட்டுக் கிடப்பவனைப் பார்த்தவனும் ‘மனதுருகி’தான். நாயீன் ஊர் விதவையின் ஒரே மகனைப் பாடையில் தூக்கிப் போகிற இடத்திலும் அதே ‘மனதுருகி’. மூன்று இடத்திலும் கிரேக்க மூலத்தில் ஸ்ப்ளாங்க்னிஸோமாய் என்கிற ஒரே வினைச்சொல். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றையும் சேர்த்து 12 தடவை வருகிறது, யோவானில் கிடையாது. இது ஸ்ப்ளாங்க்னா என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்த வினை. அந்தப் பெயர்ச்சொல்லுக்கு உடம்புக்குள் இருக்கும் உறுப்புகள் என்று பொருள்.

இப்போது அப்போஸ்தலர் 1:18ஐ எடுத்துப் பாருங்கள். யூதாஸ் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துக் குடலெல்லாம் சரிந்தது என்று வரும். அங்கே ‘குடல்’ என்று நம் வேதாகமத்தில் இருப்பதும் கிரேக்கத்தில் ஸ்ப்ளாங்க்னாதான். ஒரே சொல் ஓரிடத்தில் குடல், இன்னோரிடத்தில் மனது.

எங்கள் பக்கம் ஒரு பிரசங்கத்தில் ‘இயேசுவுக்குக் குடல் புரண்டது என்றுதான் போட்டிருக்க வேண்டும், மொழிபெயர்த்தவர்கள் பூசி மெழுகிவிட்டார்கள்’ என்று சொன்னார்கள். இளவட்டங்கள் சிரித்துவிட்டார்கள். நமக்குக் குடல் புரண்டால் வாந்திதானே வரும்? தமிழில் இதற்குச் சரியான சொல் எது? கிரேக்கம் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லாரும் சொல்லுங்கள்.

சும்மா வந்தவன்:
மனசு என்றே இருக்கட்டும். நல்லா இருக்கிற வீட்டைத் தோண்டிப் பார்ப்பானேன்.

பழைய ஏடு:
பிரசங்கியார் பாதி சரி. உள்ளுறுப்பு என்றது சரி, குடல் என்றது அவ்வளவு சரியில்லை. கிரேக்கத்தில் குடலுக்கு என்டெரா என்று தனிச்சொல் உண்டு. ஸ்ப்ளாங்க்னா என்று அவர்கள் முதலில் சொன்னது இதயம், நுரையீரல், ஈரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகிய, ரத்தம் நிறைந்த சதைப்பற்றான உறுப்புகளை. அரிஸ்டாட்டில் விலங்குகளின் உறுப்புகளைப் பற்றி எழுதும்போது இந்தப் பிரிவை விடாமல் பிடித்துக்கொள்கிறார்: இரைப்பையும் குடலும் ஒரு வகை, இவை வேறு வகை. பிற்காலத்தில் பேச்சுவழக்கில் எல்லாம் கலந்துவிட்டது, யூதாஸ் கதையில் வருவது அந்தக் கலந்த வழக்கு.

இன்னொன்று. ஹோமரின் இலியத் முதல் பகுதியிலேயே ஒரு பலி வருகிறது. மாட்டை அறுத்து, தொடை எலும்பைக் கொழுப்பில் சுற்றித் தேவர்களுக்கு எரிக்கிறார்கள். அது எரிந்து முடிந்தவுடன் அங்கே நிற்கிறவர்கள் ஸ்ப்ளாங்க்னாவைத் தின்கிறார்கள். அதற்கு அப்புறம்தான் மற்றக் கறியைத் துண்டுபோட்டுக் கம்பியில் கோத்து வாட்டிப் பந்தி வைப்பது. அதாவது முதல் வாய் உள்ளுறுப்புதான்.

கரிசல்வெயில்:
ஏடு ஐயா, இதை வாசித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊர்க் கிடாவெட்டும் இதேதான்! கோயிலில் வெட்டி, தோலை உரித்துத் தொங்கவிட்டு, வயிற்றைக் கீறினதும் முதலில் குடலை ஒரு பெரிய தாம்பாளத்தில் இறக்கிவிடுவார்கள். அது பெண்டுகள் கைக்குப் போய்விடும். அலசுவது, கழுவுவது, திருப்பித் திருப்பிச் சுண்ணாம்பு போட்டு உரசுவது எல்லாம் அவர்கள் வேலை, ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம்தான் நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டு ஒரே கொத்தாக வெளியே இழுப்பார்கள். மூச்சுக்குழாய் மேலே, அதில் தொங்கிக்கொண்டு நுரையீரல், இதயம், கீழே ஈரல், எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஆவி பறக்க வரும். அதுதான் ஈரக்குலை. ஈரல் + குலை, தேங்காய்க் குலை என்கிறோமே அந்தக் குலை. இதில் ஈரலை மட்டும் கீறி, கல் உப்புத் தடவி, கங்கில் போட்டுச் சுட்டு, வெட்டினவர்களும் சுற்றி நிற்கிற பொடிசுகளும் அப்போதே தின்றுவிடுவோம். மற்றக் கறி உலைக்குப் போவதற்கு முன்னாலேயே இது முடிந்துவிடும்.

கறிக்கடையிலும் குடல் தனி, குலை தனி. ஆக உங்கள் கிரேக்கச் சொல்லுக்கு அச்சு அசல் தமிழ் ‘ஈரக்குலை’. குடல் கிடையவே கிடையாது. ஆனால் நம் ஆள் ‘ஈரக்குலை நடுங்கிப்போச்சு’ என்றால் பயம். இரக்கம் இல்லை. அங்கேதான் இடிக்கிறது.

நாசரேத்துக்காரன்:
அண்ணே, அருமை. ஆனால் அதே இடிதான் எனக்கும். ‘தகப்பன் அவனைக் கண்டு ஈரக்குலை பதறி ஓடி’ என்று போட்டால் மகனைப் பேய் துரத்துகிறது என்று நினைப்பார்கள்.

வடமராட்சி அக்கா:
தம்பி, ‘ஈரக்குலை பதறி’ எண்டு போட்டால் பிழையெண்டு நான் சொல்லமாட்டன். பிள்ளை விழுந்துபோனான் எண்டு கேட்டவுடனே தாய் ஓடுறாளே, அது பயமா இரக்கமா? ரெண்டையும் ஆர் பிரிச்சுப் பார்த்தது. அந்தத் தகப்பனும் அப்பிடித்தானே, உயிரோடை இருக்கிறானோ செத்தானோ எண்டு தெரியாமல் இருந்த பிள்ளை தூரத்திலை வாறான். சண்டைக் காலத்திலை பிள்ளையள் வீடு திரும்புறதைப் பார்த்துக்கொண்டு படலையிலை நிண்ட தாய்மாரை எனக்குத் தெரியும். ‘மனதுருகி’ அந்த ஓட்டத்துக்குக் காணாது.

சும்மா வந்தவன்:
அக்கா சொல்வதற்கு மறுபேச்சு இல்லை.

பழைய ஏடு:
அக்கா சொன்னதற்குக் கிரேக்கத்திலேயே ஆதாரம் இருக்கிறது. பழைய கிரேக்கத்தில் ஸ்ப்ளாங்க்னா என்பது இரக்கத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்த சொத்து இல்லை. நாடகங்களில் கோபம், கலக்கம், காதல் எல்லாம் அங்கேதான் கொதிக்கும். ‘நல்ல ஸ்ப்ளாங்க்னா உள்ளவன்’ என்றால் அக்காலத்தில் துணிச்சல்காரன். மருத்துவ நூலில் அதே சொல்லுக்கு உள்ளுறுப்பு ஆரோக்கியமாக இருப்பவன். அதே சொல் புதிய ஏற்பாட்டுக்கு வரும்போது ‘இரக்கமுள்ளவன்’ ஆகிவிட்டது. இரக்கம் என்ற பொருள் யூத மரபிலிருந்து கிரேக்கம் பேசியவர்கள் வழியாக உள்ளே வந்தது என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்வது. எபிரேயத்தில் இரக்கத்துக்கு ரஹமீம் என்று சொல், அது கருப்பையைக் குறிக்கும் ரெஹெம் என்பதோடு ஒரே வேர்.

இன்றைய கிரேக்கத்தில் தாய் தன் பிள்ளையை ‘ஸ்ப்ளாக்னோ மூ’ என்று கூப்பிடுவாள். ‘என் உள்ளுறுப்பே’! புதிய ஏற்பாட்டில் பவுலும் பிலேமோனுக்கு எழுதின கடிதத்தில், அவனுடைய அடிமை ஒநேசிமுவை அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்: இவன் என் ஸ்ப்ளாங்க்னா, இவனை ஏற்றுக்கொள். தமிழில் ‘என் உள்ளம்போலிருக்கிற அவனை’ என்று இருக்கும்.

காயல் காற்று:
ரஹமீம் என்றதும் இங்கே ஒரு கை தூக்குகிறேன். அரபியிலும் ர-ஹ-ம் அதே வேர்தான். அர்ரஹ்மான், அர்ரஹீம், நாம் நாள்தோறும் சொல்கிற ரஹ்மத், எல்லாம் அதிலிருந்து வந்தவை. கருப்பைக்கு ரஹிம். சொந்தபந்தத்தைப் பேணுவதற்கு மார்க்கத்தில் சொல்லும் வார்த்தையிலும் அந்த ரஹிம்தான் நிற்கிறது; ஒரு வயிற்று உறவை அறுக்காதே என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாம். என் பெயரிலிருந்து இந்த உறவைப் பிடித்தேன் என்று ரஹ்மான் சொல்வதாக ஹதீஸும் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ‘ரஹ்மத்’ என்பதை அருள் என்றுதான் தமிழில் சொல்வார்கள், வயிறு அங்கே காணாமல் போய்விடுகிறது. தமிழில் ‘உடன்பிறப்பு’ என்று அண்ணன் தம்பியைச் சொல்வதில் மட்டும் அந்த வாடை லேசாக இருக்கிறது.

நாசரேத்துக்காரன்:
நம் வேதாகமத்திலேயே இன்னொரு வேடிக்கை. எபிரேயத்தில் சிறுநீரகத்துக்கு கெலாயோத். லேவியராகமம் 3ல் பலிமிருகத்தைப் பற்றிப் பேசும்போது அதைக் ‘குண்டிக்காய்’ என்று பச்சையாகப் போட்டிருக்கிறார்கள், கறிக்கடை மொழி. அதே சொல் சங்கீதத்தில் மனுஷனுக்கு வரும்போது ‘உள்ளிந்திரியங்கள்’ ஆகிவிட்டது! 16ஆம் சங்கீதத்தில் இராக்காலங்களில் என் உள்ளிந்திரியங்கள் என்னை உணர்த்தும் என்று இருக்கிறதே, அது மூலத்தில் சிறுநீரகம். சின்ன வயதில் உள்ளிந்திரியம் என்றால் ஏதோ ஆவிக்குரிய சமாசாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ‘ராத்திரியில் என் குண்டிக்காய் எனக்குப் புத்தி சொல்கிறது’ என்று போட்டிருந்தால் ஆலயத்தில் எவனும் நேராக முகத்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டான், அதனால் அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை.

ஸ்டெதஸ்கோப்:
ராத்திரியில் சிறுநீரகம் எழுப்பிப் புத்தி சொல்வது சர்க்கரை நோயாளிகளுக்கு நிஜம்தான் 😄

சரி, என் பங்குக்கு. இந்தச் சொல்லை நாங்கள் கல்லூரியில் முதல் வருஷமே படிக்கிறோம், வேறு இடத்தில். ஸ்ப்ளாங்னிக் நரம்புகள் என்று இருக்கின்றன. முதுகுத்தண்டின் மார்புப் பகுதியிலிருந்து கிளம்பி, உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் இறங்கி, இரைப்பை, ஈரல், குடல் எல்லாவற்றுக்கும் போகும். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் இதே நரம்புதான் உத்தரவு கொடுக்கிறது. பயம் வந்தால் முதலில் முறுக்கிக்கொள்வது இதுதான்: வயிற்றுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, ரத்தத்தில் அட்ரினலினை இறக்கிவிடும்.

கிரேக்கன் இரக்கத்துக்கு வைத்த சொல், உடற்கூற்றில் பயத்தின் நரம்புக்குப் பெயராகிவிட்டது. கரிசல் அண்ணனின் ‘ஈரக்குலை நடுங்குது’ எங்கள் பாடப்புத்தகத்தின் பக்கம்தான் நிற்கிறது.

கரிசல்வெயில்:
அப்படிப் போடு டாக்டர்! வயிற்றைக் கலக்குவதும் இதனால்தானா?

ஸ்டெதஸ்கோப்:
பெரும்பாலும் ஆமாம், ஆனால் அதில் ஒரு திருகல் இருக்கிறது. பதற்றத்தில் இரைப்பை வேலையைக் குறைத்துவிடும், சாப்பிட்டது கீழே இறங்காமல் கல் மாதிரி கிடக்கும். அதே நேரத்தில் பெருங்குடல் வேகமெடுக்கும். பரீட்சைக்கு முன்னால் பையன் சாப்பிடவும் மாட்டேன் என்கிறான், கக்கூஸுக்கும் மூன்று தடவை ஓடுகிறான் என்றால் இதுதான் காரணம். ‘வயிற்றில் புளியைக் கரைத்தது’ என்று சொன்னவன் யாரோ, அவன் சரியாகக் கவனித்திருக்கிறான்.

கிள்ளான்வாசி:
மலேசியாவிலிருந்து வணக்கம். நீங்கள் ஈரல் ஈரல் என்று பேசுவதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. மலாயில் ஹாத்தி என்றால் ஈரல். பசாரில் ஹாத்தி ஆயாம் என்று கேட்டால் கோழி ஈரலை நிறுத்துக் கொடுப்பார்கள். அதே ஹாத்திதான் மனசும். சாக்கிட் ஹாத்தி, நேர்ப்பொருள் ஈரல் நோவு, ஆனால் மனம் புண்பட்டுக் கோபம். கெச்சில் ஹாத்தி, ஈரல் சிறுத்துப்போச்சு, அதாவது மனத்தாங்கல். மாக்கான் ஹாத்தி, ஈரலைத் தின்பது: வெளியே சொல்லாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்குவது. காதலியைப் புவா ஹாத்தி, ஈரலின் பழம் என்பார்கள். சாலை ஓரத்தில் ஹாத்தி-ஹாத்தி என்று பலகை வைத்திருந்தால் ‘கவனம், கவனம்’. லாரி ஓட்டுகிற நம் ஆட்கள் அதைப் பார்த்து ‘ஈரல் ஈரல்’ என்று கிண்டல் பண்ணுவது பழைய ஜோக்.

துடிக்கிற இதயத்துக்கு ஜந்தோங் என்று வேறு சொல் உண்டு, ஆனால் மனசு சம்பந்தப்பட்ட வேலை அநேகமாக எல்லாம் ஈரல் தலையில்தான். தமிழில் ஈரலுக்குப் பயம் மட்டும் கொடுத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் நெஞ்சுக்குக் கொடுத்துவிட்டோம் போலிருக்கிறது.

சும்மா வந்தவன்:
‘ஈரம்’ என்று ஒரு சொல் இருக்கிறதே? ஈர நெஞ்சம், ஈரமில்லாத பாவி. ஈரல் என்பதே ஈரம் என்பதிலிருந்து வந்ததுதானே? அப்படியென்றால் தமிழனும் இரக்கத்தை ஈரலில்தான் வைத்தான். கேஸ் முடிந்தது.

பழைய ஏடு:
தம்பி, இவ்வளவு சுலபமாக முடித்தால் நாங்கள் எல்லாம் எதற்கு. ஈரம் என்பதற்கு அன்பு என்ற பொருள் மிகப் பழையது. ‘இன்சொலால் ஈரம் அளைஇ’ என்று குறளில் இனியவைகூறல் அதிகாரம் தொடங்குவதே அப்படித்தான். ஆனால் அந்த ஈரம் நீரின் ஈரம், காய்ந்துபோகாத தன்மை. ஈரல் என்ற உறுப்பு அந்தப் பொருளோடு கூடி வருகிற ஒரு பாட்டைக் காட்டு, அப்புறம் பேசலாம். ஒலி ஒத்துப்போனதை மட்டும் வைத்துப் பந்தல் போடக் கூடாது. அப்படிப் போட்டால் ஈருக்கும் பேனுக்கும்கூட இதில் பங்கு கேட்பார்கள்.

சும்மா வந்தவன்:
பாட்டு கையில் இல்லை. ஆனால் ‘ஈரலும் இல்லை ஈரமும் இல்லை’ என்று எங்கள் ஆத்தா திட்டுவாள். அது கணக்கில் வராதா?

பழைய ஏடு:
ஆத்தா கவி. அதை மறுக்கவில்லை.

வடமராட்சி அக்கா:
நீங்கள் எல்லாரும் ஈரலைப் பிடிச்சுக்கொண்டு வயித்தை விட்டிட்டியள். தமிழிலை இரக்கம் இருக்கிற இடம் வயிறு. ‘அந்தப் பிள்ளையைப் பார்க்க வயிறு பத்தி எரியுது’ எண்டு சொல்லுவம், அது பொறாமை இல்லை. ‘பெத்த வயிறு’ எண்டு ஒரு சொல்லே இருக்கு. செத்த வீட்டிலை பொம்பிளையள் எங்கை அடிச்சு அழுகினம்? வாயிலையும் வயித்திலையும்தான். நெஞ்சிலையும் அடிப்பினம், சரி, ஆனால் பெத்தவள் முதலிலை வயித்திலைதான் அடிப்பாள். அது என்ன அர்த்தம்? இஞ்சை கிடந்ததெல்லோ போட்டுது எண்டு.

பழைய ஏடு:
இதற்கு ஒரு பழைய சாட்சி. புறநானூறு 86, காவற்பெண்டு பாடியது. உன் மகன் எங்கே என்று யாரோ வந்து தூணைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது, போர்க்களத்தில் எங்காவது இருப்பான். புலி தங்கிவிட்டுப் போன கல்குகை போல, ‘ஈன்ற வயிறோ இதுவே’ என்கிறாள். பெருமைதான் பாட்டின் மேற்பரப்பு. ஆனால் அந்த வெறுங்குகையை நினைத்துப் பார்த்தால் பெருமை மட்டும்தானா என்று எனக்கு எப்போதும் சந்தேகம்.

பட்டினத்தார் பெயரில் வழங்கும் பாட்டும் உண்டு, தாய்க்குக் கொள்ளி வைக்கும்போது: ‘முன்னை இட்ட தீ முப்புறத்திலே, பின்னை இட்ட தீ தென் இலங்கையில், அன்னை இட்ட தீ அடிவயிற்றிலே’. எல்லாவற்றையும் துறந்துவிட்டு வந்தவருக்கும் அடிவயிற்றில் தீ மிச்சமிருக்கிறது.

கரிசல்வெயில்:
அக்கா கட்சிக்கு நானும் வருகிறேன், ஆனால் வயிறு ரொம்பப் பேராசை பிடித்த உறுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா உணர்ச்சியையும் தானே எடுத்துக்கொள்ளும். பயந்தால் புளி கரைக்கும். நல்ல சேதி வந்தால் ‘வயித்துல பாலை வார்த்தீக’. பொம்பளைப் பிள்ளை நேரத்துக்கு வீடு வரவில்லையென்றால் வயிற்றில் நெருப்பு. சிரித்தால் குலுங்கும். பிழைப்பைக் கெடுத்தால் ‘வயித்துல அடிச்சிட்டான்’. ஒருத்தருக்கு அன்னம் போட்டால் வயிறு குளிர்ந்து வாழ்த்தும், அந்த வாழ்த்து பலிக்கும். அன்னத்தைத் தட்டிவிட்டால் வயிறெரியும், அந்தச் சாபமும் பலிக்கும்.

இந்த வயிற்றெரிச்சலில்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அடுத்தவன் நன்றாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காதவனுக்கும் வயிற்றெரிச்சல், அநியாயமாகப் பறிகொடுத்தவளுக்கும் வயிற்றெரிச்சல். ‘அவ வயித்தெரிச்சலைக் கொட்டிக்காதே’ என்று பெரியவர்கள் சொன்னால் அங்கே எரிகிறவள் பக்கம் நியாயம் இருக்கிறது. ‘வயித்தெரிச்சல் புடிச்சவன்’ என்றால் எரிகிறவன் கெட்டவன். ஒரே வயிறு, ஒரே எரிச்சல். யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அர்த்தம் திரும்புகிறது. இதை எந்த அகராதிக்காரர் எப்படிப் பிரித்து எழுதுவார்?

காயல் காற்று:
அண்ணே, கவனித்தீர்களா, பொறாமைக்காரனின் வயிற்றெரிச்சல் அவனையே எரிக்கும். பறிகொடுத்தவளுடையது எதிராளியை எரிக்கும். தீ எந்தப் பக்கம் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

நாசரேத்துக்காரன்:
இதெல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்ட ஒன்றுக்கு வயிறு கொடுக்கிற பதில். இன்னொரு விஷயம் கேட்கிறேன். இங்கிலீஷ்காரன் எதையாவது காரணம் தெரியாமல் முன்கூட்டியே உணர்ந்தால் ‘என் குடல் சொல்கிறது’ என்கிறான். இந்த ஆளை நம்பாதே, இந்த இடத்தை வாங்காதே என்று குடல் எச்சரிக்கிறதாம். தமிழ் வயிறு அப்படி எதையாவது முன்னாலேயே சொல்லுமா? எனக்குத் தோன்றுவது ‘உள்மனசு சொல்லுது’ மட்டும்தான்.

சும்மா வந்தவன்:
நமக்குப் பட்சி சொல்லும்! ‘காலையிலேயே பட்சி சொல்லுச்சு நீ வருவேன்னு.’ உறுப்பையே நம்புவதில்லை, குருவியிடம் கேட்டுக்கொள்கிறோம்.

கரிசல்வெயில்:
பட்சி, பல்லி, கண் துடிப்பது, கழுகுக்கு மூக்கு வேர்ப்பது. இதில் வயிறு எங்கேயும் இல்லை. தமிழில் வயிறு சாட்சி, சோசியக்காரன் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன். நடந்தது தெரிந்த பின்னால்தான் அது ஆடும்.

வடமராட்சி அக்கா:
இல்லைத் தம்பி. ‘அடிவயிறு என்னவோ செய்யுது, பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது’ எண்டு தாய் சொல்லுறதைக் கேட்டதில்லையோ? ஃபோன் வர முன்னமே சொல்லுவினம்.

கரிசல்வெயில்:
கேட்டிருக்கிறேன் அக்கா. ஆனால் சும்மா இருந்த நாட்களிலும் அடிவயிறு என்னவோ செய்திருக்கும், ஒன்றும் நடக்காததால் அதை மறந்திருப்பார்கள். நடந்த நாள் மட்டும் ஞாபகத்தில் நிற்கிறது.

வடமராட்சி அக்கா:
இருக்கலாம். எண்டாலும் சொல்லு இருக்கோ இல்லையோ எண்டுதானே கேள்வி. சொல்லு இருக்கு. பலிக்குதோ எண்டது வேற வழக்கு.

ஸ்டெதஸ்கோப்:
அக்கா சொல்வது நியாயம், சொல் இருக்கிறது. பலிக்கிறதா என்பதில் என் தொழில் சம்பந்தமாகக் கொஞ்சம். வயிற்றுக்கும் மூளைக்கும் இடையே வேகஸ் என்று ஒரு பெரிய நரம்பு ஓடுகிறது. அதில் இருக்கும் இழைகளில் சுமார் 80 சதவீதம் கீழிருந்து மேலே சேதி கொண்டு போகிறவை. மூளை வயிற்றுக்கு உத்தரவு போடுவதைவிட வயிறு மூளைக்கு அறிக்கை அனுப்புவதுதான் அதிகம். குடல் சுவருக்குள்ளேயே 10 கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன, மூளையைக் கேட்காமலேயே குடலை அசைக்க அவற்றால் முடியும். ஆகவே வயிறு சொல்கிறது என்பது வெறும் பேச்சலங்காரம் இல்லை, ஏதோ ஒன்று நிஜமாகவே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது சொல்வது தன் நிலைமையை: இறுகியிருக்கிறேன், வீங்கியிருக்கிறேன், காலியாக இருக்கிறேன். ‘இந்த மனை வில்லங்கம்’ என்று குடலுக்குத் தெரியாது. அதை எங்கேயோ கவனித்த மூளை உடம்பை உஷார்ப்படுத்துகிறது, வயிறு இறுகுகிறது, அந்த இறுக்கம் திரும்ப மூளைக்குப் போகிறது. நமக்குத் தெரியவருவது அந்தக் கடைசிப் படி மட்டும்தான்.

இன்னொன்று, வாட்ஸப்பில் சுற்றுகிறது: மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் செரட்டோனின் என்ற ரசாயனத்தில், உடம்பில் இருப்பதில் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது, ஆகவே சந்தோஷம் குடலில் இருக்கிறது, இந்தப் பொடியை வாங்குங்கள் என்று. முதல் பாதி உண்மை. ஆனால் குடலில் உண்டாகும் செரட்டோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைவதில்லை, அதன் முக்கிய வேலை குடலை அசைப்பது. பொடியை வாங்காதீர்கள்.

கிள்ளான்வாசி:
பொடி எங்கள் பக்கமும் வந்துவிட்டது டாக்டர். ஒரு டப்பா 89 வெள்ளி (ரிங்கிட்).

நாசரேத்துக்காரன்:
சரி, மூலக் கேள்விக்கு வருவோம். யாராவது இப்போது புதிதாக மொழிபெயர்த்தால் என்ன போடலாம்? வயிறு, ஈரக்குலை, மனது?

பழைய ஏடு:
நான் ‘மனதுருகி’ பக்கம். காரணம் ‘மனது’ அல்ல, ‘உருகி’. நாம் ‘மனது’ என்ற பாதியை மட்டும் பார்த்து உடம்பு போய்விட்டது என்று புலம்புகிறோம். தமிழில் உருகுதல் உடம்பின் வினை. திருவாசகத்தில் ‘ஊனினை உருக்கி’ என்று வருகிறது, சதையே உருகுகிறது. எலும்பு உருகுவதாகவும் பாடியிருக்கிறார்கள். மெழுகு, நெய், எலும்பு என்று உருகுகிற வரிசையில் மனதையும் வைத்தார்கள். கிரேக்கச் சொல் உறுப்பைச் சொல்லி உணர்ச்சியைக் குறித்தது, தமிழ் அந்த உடம்பை வினைக்குள் வைத்துவிட்டது. 1715ல் தரங்கம்பாடியில் முதல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்ததிலிருந்து 1871 பதிப்பு வரைக்கும் எத்தனையோ கை மாறித் திருத்தியிருக்கிறார்கள், தமிழ்ப் பண்டிதர்களும் கூட உட்கார்ந்திருக்கிறார்கள். பக்திப் பாடல் காதில் ஒலித்துக்கொண்டிருந்தவர்களுக்கு ‘உருகி’ என்பது தானாக வந்திருக்கும் என்பது என் ஊகம்.

இங்கிலீஷில் 1611ல் வந்த பதிப்பு குடலையே போட்டது. கொலோசெயர் 3ல் ‘இரக்கத்தின் குடல்களை உடுத்திக்கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி இருக்கும்! பிற்காலப் பதிப்புகள் அதை மாற்றிவிட்டன. தமிழில் அந்த இடம் ‘உருக்கமான இரக்கம்’. மறுபடியும் உருக்கம்.

வடமராட்சி அக்கா:
உருகிறது ஆறுதலா நடக்கிற காரியம் ஐயா. அந்தத் தகப்பன் ஓடுறான். உருகினவன் ஓடமாட்டான், இருந்த இடத்திலை இருந்து அழுவான். நான் ‘வயிறு பதறி’ எண்டு போடுவன்.

காயல் காற்று:
அக்காவுக்கு என் ஓட்டு.

பழைய ஏடு:
தகப்பனுக்கு ‘வயிறு பதறி’ வருமா அக்கா? ஆம்பிளைக்குப் பெற்ற வயிறு ஏது?

வடமராட்சி அக்கா:
அதுக்குத்தானே அந்தக் கதை சொன்னது.

நாசரேத்துக்காரன்:
😮 இதை நான் அடுத்த வேதபாட வகுப்பில் எடுத்துக்கொள்கிறேன் அக்கா, உங்கள் அனுமதியோடு. புலம்பல் 2லும் ஈரல் உருகித் தரையில் வடிவதாக ஒரு வரி இருக்கிறது. அங்கே எபிரேயத்திலும் நேராக ஈரல்தான், தமிழிலும் கூச்சப்படாமல் ஈரல் என்றே போட்டுவிட்டார்கள். நகரம் அழிந்து குழந்தைகள் தெருவில் மயங்கிக் கிடக்கிற இடம் அது. அந்த ஓர் இடத்தில் யாரும் சிரிப்பதில்லை.

சும்மா வந்தவன்:
ஏடு ஐயா! ஈரல், உருகல், துக்கம் மூன்றும் ஒரே வரியில்! பாட்டு கேட்டீர்களே?

பழைய ஏடு:
அது எபிரேயப் பாட்டு தம்பி. ‘ஈரம்’ தமிழ்ச் சொல். வழக்கு தள்ளுபடி.

கிள்ளான்வாசி:
கரிசல் அண்ணனிடம் ஒரு சந்தேகம். ஏடு ஐயா பட்டியலில் மண்ணீரல் இருந்தது. உங்கள் ஈரக்குலையில் அதுவும் சேருமா?

கரிசல்வெயில்:
சேராது. அதற்குக் கறிக்கடையில் சுவரொட்டி என்று பெயர், தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். ரத்தம் கம்மி என்று சொல்லிப் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வாங்கிப் போவார்கள், ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். குண்டிக்காயும் குலையோடு வராது, அது கறியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், கேட்டால் வெட்டித் தருவார்கள். முழுக் குலையாக வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரலைத் தனியாக விற்றுவிட்டு நுரையீரலை மட்டும் உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஸ்டெதஸ்கோப்:
பிள்ளைத்தாய்ச்சிகள் சுவரொட்டி வாங்குவது தப்பில்லை, அதில் இரும்புச்சத்து நிறையவே உண்டு. நன்றாக வேகவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள். ஆனால் ஈரலைக் கர்ப்பகாலத்தில் குறைத்துக்கொள்வது நல்லது, வைட்டமின் ஏ அளவுக்கு மீறிப் போய்விடும். அந்தக் கங்கில் சுட்ட ஈரல் உள்ளே பச்சையாக இருக்கும், பொடிசுகளுக்குக் கொடுக்காதீர்கள் அண்ணே.

கரிசல்வெயில்:
சொல்லிப் பார்க்கிறேன் டாக்டர். கேட்க மாட்டான்கள்.